தயவுசெய்து துலக்கிக் கொண்டு வராதீர்கள்

மறுபடியும் ஒரு குத்துவிளக்கு பளபளவென்று வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் புளி, அதற்கு மேல் பீதாம்பரி. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் கண்காட்சி அமைக்க ஊர்க்காரர்களையும் கூப்பிடுகிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 2023 பிப்ரவரியில் திறந்த தெற்காசியக் காட்சிக்கூடம், ஆசிரியர்கள், கலைஞர்கள், பத்திரிகையாளர்கள் என்று 30 பேர் சேர்ந்து உருவாக்கியது. அவர்கள் வீட்டுப் பொருள்களும் அங்கே உண்டு. நம்மவர்களும் இப்படி ஆர்வமாக வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். வருவதற்கு முந்தின நாள் ராத்திரி என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கவலை.

அழுக்கோடு கொடுத்தால் குடும்பத்துக்கு மரியாதை இல்லை என்று நினைக்கிறீர்கள். பூஜையறையில் ஏற்றுகிற விளக்கை வெள்ளிக்கிழமைதோறும் துலக்குங்கள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் சொல்வது, பாட்டி கப்பலில் கொண்டுவந்து பெட்டியிலேயே கிடந்த விளக்கை. ஐந்து முகத்தில் எது கறுத்திருக்கிறதோ, அதைத்தான் அவர் ஏற்றியிருக்கிறார். அந்தக் கரியும் பிசுக்கும் எங்களுக்குக் கடிதம் மாதிரி. புளியில் இருக்கும் அமிலம் கறையோடு நிற்காது. பித்தளையையும் கொஞ்சம் தின்னும். தேய்க்கத் தேய்க்க அடியில் வெட்டிய பெயரும் மழுங்கும். பளபளப்புதான் வேண்டுமென்றால் கடையில் புது விளக்கே வாங்கி வைத்துவிடலாமே!

பழைய போட்டோவை லேமினேட் செய்யாதீர்கள். கிழிந்த கடிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பட்டுப்புடவையை இஸ்திரி போடாமல், ஜரிகையைத் தேய்க்காமல், அப்படியே ஒரு பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். அந்துருண்டையும் வேண்டாம். பூச்சிக்கு நாங்கள் மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்துவிடுவோம் (புடவையை ஃப்ரீசரில் வைப்பதா என்று அதிராத அம்மா இல்லை). காட்சி அறை இருட்டாக இருக்கிறது என்று குறைப்படவும் வேண்டாம். பட்டுக்கும் காகிதத்துக்கும் வெளிச்சம் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதிக வெளிச்சத்தில் சாயம் போனால் போனதுதான்.

பொருளைவிட, அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்கு முக்கியம். யார் வைத்திருந்தது, எந்த ஊர், எந்தெந்த நாளில் வெளியே எடுத்தார்கள், வீட்டில் அதை என்ன பெயரில் சொன்னார்கள், எல்லாவற்றையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், ப்ளீஸ்.

அப்புறம், பொருளைக் கொடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போடுகிற அந்தப் படிவம். இரவலா, நன்கொடையா? எந்தத் தேதிக்குத் திரும்பும்? படம் எடுத்துப் போஸ்டரில் போடலாமா? கூச்சப்படாமல் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். நன்கொடைக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விளக்கு எப்போது வரும் என்று பிறகு போன் செய்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.