சாணம் மெழுகிய சுவரிலிருந்து வந்த ஓவியம்

ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். மேசைக்கு வரும் படம் எதைக் காட்டுகிறது என்பதற்கு முன்பாக, அது எதனால் ஆனது என்று பார்ப்பதே எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தினர் கொண்டுவந்த வார்லி ஓவியம், காவி மண்ணும் சாணமும் பூசிய துணியின் மேல் அரிசி மாவுக் கரைசலால் வரையப்பட்டிருந்தது. அவர்கள் வீட்டு வரவேற்பறையில் ஏசிக்கு நேர் எதிரே பல ஆண்டுகள் மாட்டியிருந்ததில் வெள்ளைக் கோடுகள் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டன. கீழ் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது மண் பூச்சுக்குள் வைக்கோல் நார்கள் தெரிந்தன. மூங்கில் குச்சியின் நுனியைக் கடித்து நாராக்கிய தூரிகையின் தடம், ஒவ்வொரு கோட்டின் இரு கரைகளிலும் மெல்லிய வரப்பாக நின்றது. இனி எந்நாளும் உதிராதபடி வார்னிஷ் பூசித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன்.

வார்லி மக்கள் மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய குசராத் எல்லைப் பகுதிகளிலும் வாழும் பழங்குடியினர். அவர்களின் ஓவியங்களுள் முதன்மையானது லக்ன சௌக் எனப்படும் திருமணச் சதுரம். மணவீட்டின் உட்சுவரைச் சாணத்தால் மெழுகிக் காவி பூசிய பிறகு, சுமங்கலிப் பெண்கள் கூடி அதை வரைவார்கள். நுணுக்கமான கரைகள் சூழ்ந்த சதுரத்தின் நடுவே பயிர் பச்சையின் தாயான பாலகாட் தேவி நிற்பாள். சூரியனும் சந்திரனும் சீப்பும் ஏணியும் இடம்பெறும். சதுரத்துக்கு வெளியே காடு விரியும். அந்தக் காட்டில் மனிதனுக்கென்று தனிப்பெருமை எதுவும் கிடையாது. மரம் ஓங்கி நிற்கும், இலைகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கும், அதனடியில் எறும்பும் கோழியும் மாடும் மனிதரும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தைப் பெற்றிருப்பார்கள். இந்தச் சதுரம் எழுதப்படாமல் மரபுவழித் திருமணம் நிறைவேறாது. பூமியின் வளத்தைச் சாட்சியாக வீட்டுக்குள் அழைத்து நிறுத்திய பிறகுதான் இருவர் இல்லறம் தொடங்கலாம் என்பது அந்தச் சடங்கின் பொருள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தச் சுவரும் காட்டிலிருந்தே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் கார்வி என்னும் செடியின் தண்டுகளை நெருக்கமாக நட்டுக் கட்டி, அவற்றின் மேல் மண்ணும் சாணமும் அப்புவார்கள். கார்வி நம் குறிஞ்சியின் உறவு. அதே பேரினத்தைச் சேர்ந்தது, ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுவதும் ஊதாவாகப் பூப்பது. ஆகவே சுவருக்குக் காட்டுச் செடி, பூச்சுக்கு அருகிலிருக்கும் மண்ணும் வீட்டு மாட்டின் சாணமும், வெள்ளைக்குத் தம் வயலில் விளைந்த அரிசி, தூரிகைக்கு மூங்கில் என்று எல்லாமே ஓவியர் காலால் நடந்து எட்டக்கூடிய தூரத்திலிருந்து வந்தவை. மழைக்காலம் முடிந்து சுவரை மீண்டும் மெழுகும்போது பழைய ஓவியம் மண்ணுக்குள் போய்விடும். அடுத்த திருமணத்துக்கு அடுத்த ஓவியம் எழும். வாசலில் இட்ட மாக்கோலத்தை எறும்பு தின்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1970-களின் தொடக்கத்தில் பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியர் இந்தச் சுவர்களைத் தேடிச் சென்று, வார்லி மக்களின் கைக்குத் தாளைக் கொண்டுவந்தார். அங்கே ஜிவ்யா சோமா மாஷே, சடங்கு நாளுக்காகக் காத்திராமல் அன்றாடம் வரைபவராக எழுந்தார். பெண்களின் கையில் இருந்த கலை ஆண்களிடமும் சென்றது. மாஷேவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது; 2018-இல் காலமானார். கலை பிழைத்தது, பல குடும்பங்களுக்குப் பிழைப்பும் தந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஓவியம் ஊரைவிட்டுப் புறப்பட்ட பிறகும் ஊரின் நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. பால்கர் மாவட்டத்தின் தஹாணு வட்டம் 1991-இல் சூழலியல் ரீதியில் நொய்மையான பகுதியாக நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டது. அதே தஹாணுவின் கடற்கரையில், உள்ளூர் மக்கள் பலர் நெடுங்காலமாக எதிர்த்துவந்த வாட்வண் துறைமுகத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது; மதிப்பீடு 76,000 கோடி ரூபாய்க்கும் மேல். மும்பைக்குள்ளேயே வார்லி குடியிருப்புகள் உள்ள ஆரே பகுதியில், மெட்ரோ ரயில் பணிமனைக்காக 2019 அக்டோபரில் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சில நாட்களுக்குள் வெட்டப்பட்டன. வார்லி வடிவங்கள் திரைச்சீலையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சாகி நாடெங்கும் விற்பனையாகின்றன. அந்த வடிவங்களில் இருக்கும் மரம் நின்ற இடத்தைப் பற்றி வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. பாதுகாப்புத் துறையில் இருக்கும் எங்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். துணியைக் காப்பாற்றுவதற்கு எங்களிடம் பசைகளும் ஈரப்பத மானிகளும் இருக்கின்றன. மண்ணும் கார்வியும் போன பிறகு நாங்கள் காப்பது ஒரு மாதிரித் துண்டு மட்டுமே.

வார்லி ஓவியம் வைத்திருப்பவர்கள் அதை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. வார்னிஷ் பூசினால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டுக் காவி கறுத்துவிடும், நாளடைவில் வெள்ளையும் மஞ்சளாகும். பூசியதைப் பிறகு எடுக்கவும் முடியாது. நேர் வெயிலும் ஏசிக் காற்றும் படாத சுவரில், கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுவது போதும். புதிதாக வாங்குபவர்கள் வரைந்தவர் பெயரையும் ஊரையும் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் வெள்ளையில் வரைந்தது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்; இன்று பல வார்லி ஓவியர்கள் அதைத் தாங்களே விரும்பிப் பயன்படுத்துகிறார்கள், அது அவர்கள் உரிமை. உருப்பெருக்கியில் சீரான அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும், அது கையால் வரைந்தது அன்று என்று அறிந்துகொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தின் ஓவியத்தில் உதிரக் காத்திருந்த செதில்களை, நன்றாக நீர்த்த செல்லுலோஸ் பசையால் ஒவ்வொன்றாக ஒட்டவைக்க மூன்று வாரங்கள் ஆயின. ஏற்கெனவே உதிர்ந்துபோன இடங்களில் நான் எதையும் வரைந்து நிரப்பவில்லை. சட்டத்தின் பின்புறம் ஒட்டும் சீட்டில் பொருட்களின் பெயர்களை எழுதிவிட்டு, ஓவியர் பெயர், ஊர் என்ற இரண்டு வரிகளை வெற்றிடமாக விட்டுக் கொடுத்தேன். வாங்கிய கண்காட்சியின் பழைய ரசீதைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லி எடுத்துச் சென்றார்கள்.