காலில் பற்றாக்குறை, கண்ணில் மிகை

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் மூழ்கும்போது விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். பாறையும் சிப்பியும் அப்படிக் கிழிக்கும். அதையும் மீறி ஆழமாக வெட்டிவிட்டால், சில நாளில் புண்ணின் அடியில் பொடிப்பொடியாகச் சிவப்புச் சதை எழும்பும். தொட்டாலே ரத்தம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, புண் ஆறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு முழுக்கப் புதிதாக முளைத்த நுண்ணிய ரத்தக் குழாய்கள். சுவர் இன்னும் கெட்டிப்படவில்லை, அவ்வளவுதான்.

இங்கே குழாய் வேண்டும் என்று உடம்புக்கு யார் சொல்வது? ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் செல்களேதான். ஒவ்வொரு செல்லும் 'ஹிஃப்' என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்து, தயாரித்த கையோடு அழித்தும் விடுகிறது. வெட்டி வேலை போலத் தெரியும். ஆனால் அழிப்பதற்கு ஆக்சிஜன் தேவை. அது குறைந்தால் அழிப்பு நின்று, ஹிஃப் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய் 'வெஜ்எஃப்' என்ற ரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியின் மரபணுவை முடுக்கிவிடும். இந்த ஆக்சிஜன் உணர்வை விளக்கியதற்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு.

வெளியே வந்த வெஜ்எஃப் பக்கத்துக் குழாயை எட்டியதும், அதன் உட்சுவர்ச் செல்களில் ஒன்று முன்னே நீளும். கருவாட்டு வாடையைப் பிடித்துக்கொண்டு பூனை வருவதுபோல, வெஜ்எஃப் எங்கே அடர்த்தியோ அந்தத் திசையில் ஊர்ந்து போகும். போகும்போதே பக்கத்துச் செல்களை 'நீ வராதே' என்று தடுத்தும் விடும். அவை பின்னால் நின்று பெருகிக் குழாயை நீட்டும். கடைசியில் வேறொரு வளர்ச்சிக் காரணி தாங்கு செல்களை அழைத்து வந்து சுவரைப் பலப்படுத்தும். ரத்தம் ஓடியதும் ஆக்சிஜன் வரும், ஹிஃப் அழியும், வெஜ்எஃப் அடங்கும்.

வெஜ்எஃபுக்கு இன்னொரு குணமும் உண்டு: குழாய்ச் சுவரைக் கசிய வைக்கும். சொல்லப்போனால் 1983-இல் செங்கரும் டிவோராக்கும் இதைக் கசிவுக் காரணி என்றுதான் கண்டுபிடித்தார்கள். வளர்ச்சிக் காரணியாக 1989-இல் ஃபெராரா பிரித்தெடுத்தபோதுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது.

சர்க்கரை நோயில்தான் விஷயம் விசித்திரமாகிறது. உணர்ச்சி மரத்த காலோடு கடற்கரையில் வெறுங்காலில் நடப்பவருக்குச் சிப்பி குத்தியதே தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஹிஃப் சரியாக வேலை செய்யாது. வெஜ்எஃப் போதாமல் புண் வெளிறிக் கிடக்கும், சிவப்புச் சதை எழும்பாது. அதே ஆளின் கண்ணில் நடப்பது நேர்மாறு. விழித்திரையின் நுண்குழாய்கள் சர்க்கரையால் அடைபடுகின்றன. உடம்பிலேயே ஆக்சிஜனை அதிகம் தின்னும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அது பட்டினி கிடந்தால் வெஜ்எஃப் பொங்கி வழியும். குழாய்கள் கசிந்து பார்வையின் மையம் வீங்கும். கூடவே வேண்டாத இடத்தில் தாங்கு செல்கள் இல்லாத நோஞ்சான் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருக்கும் என்பதுதான் இதில் மோசமான பகுதி.

இதற்கான சிகிச்சையைக் கேட்டதும் "கண்ணுக்குள்ளேயே ஊசியா?" என்று கீழக்கரையில் ஒரு பெரியவர் பதறியதைக் கேட்டிருக்கிறேன். சொட்டு மருந்தில் மரக்க வைத்துவிட்டுத்தான் போடுவார்கள். குத்துவது சில நொடி வேலை. உள்ளே போகும் மருந்து வெஜ்எஃபைப் பிடித்துக் கட்டிப்போடும். மருந்தின் வீரியம் தீரத் தீர வெஜ்எஃப் மறுபடி தலைதூக்கும் என்பதால் ஒரு ஊசியோடு முடிவதில்லை.

இந்த மருந்துகளில் ஒன்றான பெவாசிசுமாப் உண்மையில் புற்றுநோய்க்கு வந்தது. புதுக் குழாய் இல்லாமல் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது, குழாயைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். 2004-இல் அமெரிக்கா பெருங்குடல் புற்றுநோய்க்கு இம்மருந்தை அனுமதித்தது. கண்ணில் போடுவது மிகச் சிறிய அளவு. புற்றுநோய்க்கு ரத்தக் குழாய் வழியே ஏற்றும்போது அது உடம்பு முழுக்கப் போய், ஆற வேண்டிய காயத்தின் வெஜ்எஃபையும் சேர்த்தே கட்டிப்போடும். அதனால்தான் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குக் குறைந்தது 28 நாள் கழிந்து, தையல் போட்ட இடம் முழுதாக ஆறும்வரை மருத்துவர்கள் இந்த மருந்தைத் தொடங்குவதில்லை.