வீட்டோட ஸ்டைலுக்கு விலையா, அது நிக்கிற மண்ணுக்கு விலையா?

அமெரிக்காவுல வீடு விக்கிற விளம்பரம் எதை எடுத்தாலும் ஸ்டைல் பேரு ஒன்னு இருக்கும், கேப் காட், ராஞ்ச், கிராஃப்ட்ஸ்மேன், டியூடர், விக்டோரியன், ஸ்பானிஷ்னு. எந்த ஸ்டைல் எந்த மாநிலத்துல அதிகம், சராசரியா என்ன விலைக்குப் போகுதுன்னு பட்டியலும் போடுவாங்க. அதைப் படிச்சுட்டு விக்டோரியன்னா காஸ்ட்லி, ராஞ்ச்னா மலிவுன்னு முடிவு பண்ணிடுறோம். பட்டியல்ல இருக்குற நம்பர் சரியாவே இருக்கலாம், ஆனா அந்த விலையில பெரும்பங்கு ஸ்டைலுக்குப் போறதே இல்ல, அந்த வீடு எந்த ஊர்ல எந்த வருஷத்துல எழும்புச்சுங்கறதுக்குத்தான் போகுது.

ஒரு ஸ்டைல் ஏன் ஒரு ஏரியாவுல மட்டும் குவிஞ்சு கிடக்குன்னு பார்க்க மண்ணுக்குக் கீழ இருந்து ஆரம்பிக்கணும். குளிர் அதிகமான இடத்துல மண்ணுக்குள்ள இருக்குற ஈரம் உறைஞ்சு வீங்கும், வீங்குனா மேல இருக்குற அஸ்திவாரத்தையே தூக்கி விட்டுடும், அதனால உறைபனி எட்டாத ஆழம் வரைக்கும் அஸ்திவாரத்தை இறக்கியாகணும். மினசோட்டா மாநிலத்து கட்டட விதிப்படி தெற்குப் பகுதியில 42 அங்குலம், வடக்குல 60 அங்குலம். அவ்வளவு தோண்டினப்புறம் இன்னும் கொஞ்சம் தோண்டினா முழு பேஸ்மென்ட்டே கிடைச்சுடுது, அதுக்கு ஆகுற கூடுதல் செலவு கம்மி. டெக்சாஸ்ல அந்த மாதிரி உறைபனி கிடையாது. ஃபுளோரிடாவுல அதோட நிலத்தடி தண்ணியும் ரொம்ப மேலயே இருக்கு, பள்ளம் தோண்டினா ஊறிடும். அங்கெல்லாம் தரையிலயே கான்கிரீட் ஸ்லாப் போட்டு அதுமேல நேரா சுவர் எழுப்பிடுவாங்க. வடக்குல வீடு மேலயும் கீழயும் வளருது, தெற்குல பக்கவாட்டுல பரவுதுன்னா அதுக்குப் பெரிய காரணம் இந்த ஆழம்தான், மக்களோட ரசனை அப்புறம்தான் வருது.

மேல் பகுதியிலயும் இதே கதைதான். கேப் காட் வீடு 17ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவோட வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துல குடியேறினவங்க கட்டினது, பனி வழுக்கி விழ சரிவான கூரை, சூடு வீணாகாம இருக்க தாழ்வான உட்கூரை, எல்லா அறைக்கும் சூடு போக வீட்டுக்கு நடுவுல ஒரு பெரிய புகைபோக்கி. நியூ மெக்சிகோவுல பார்த்தா தடிமனான மண் சுவர், பகல் வெயில் அந்தச் சுவரைத் தாண்டி உள்ள வர பல மணி நேரம் ஆகும், வந்து சேர்றப்ப வெளியில ராத்திரி ஆகி குளிரும், அந்தச் சூடு அப்ப தேவைப்படும். இது நல்லா வேலை செய்யணும்னா பகலுக்கும் ராத்திரிக்கும் வெப்பநிலை வித்தியாசம் பெருசா இருக்கணும். லூசியானாவுல கோடை ராத்திரியும் புழுங்கும், அங்க தடிமன் சுவரை நம்ப முடியாது, அதனால தரையை விட்டு உயர்த்தின வீடு, உயரமான உட்கூரை, காத்து ஓட வழி, முன்னாடி வராண்டா. கூரையும் சுவரும் பார்த்தாலே அந்த ஊர் வானிலையைப் படிச்சுடலாம்.

இந்தக் கணக்கை உடைச்சது ஏசி. வில்லிஸ் கேரியர் 1902லயே மெஷினை டிசைன் பண்ணிட்டாலும் வீடுகளுக்கு அது வர ரொம்ப காலம் ஆச்சு, 1960 கணக்கெடுப்புல கூட சுமார் 12 சதவீத வீட்டுலதான் ஏசி இருந்துச்சு, இப்ப கிட்டத்தட்ட 90 சதவீதம். ஏசி வந்தப்புறம் எந்த வடிவத்தையும் எந்த ஊர்லயும் கட்டலாம்னு ஆயிடுச்சு. ஒரே மாடி, நீளமா, தாழ்வான கூரையோட கிளிஃப் மேங்கற டிசைனர் 1930கள்ல சான் டியேகோவுல கட்ட ஆரம்பிச்ச ராஞ்ச் வீடு நாடு முழுக்கப் பரவினதுக்கு ஏசியும் ஒரு காரணம், காரும் ஒரு காரணம், ஏன்னா ராஞ்ச் வீட்டுக்கு அகலமான மனை வேணும், அகலமான மனை ஊருக்கு வெளியிலதான் மலிவா கிடைக்கும், அங்க போக கார் வேணும்.

வானிலையோட பிடி தளர்ந்தப்புறம் ஸ்டைலைத் தீர்மானிச்சது காலம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு ஊர் எந்த வருஷங்கள்ல வேகமா வளர்ந்துச்சோ, அந்த வருஷத்து ஸ்டைல்தான் அந்த ஊர்ல நிறைய இருக்கும். சிகாகோ 1910ல இருந்து 1940 வரைக்கும் செங்கல் பங்களா (நம்ம ஊர் பெரிய பங்களா இல்ல, ஒன்றரை மாடி சின்ன வீடு) சுமார் 80,000 கட்டுச்சு, ஃபீனிக்ஸ் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பெருத்துச்சு, அதனால அங்க ராஞ்ச். 1908ல இருந்து 1940 வரைக்கும் சியர்ஸ் கம்பெனி கேட்டலாக் மூலமா மொத்த வீட்டையும் பாகம் பாகமா ரயில்ல அனுப்பிச்சு, மரம், கதவு, ஆணி எல்லாம் சேர்த்து, அப்ப ஸ்டைல் ஊர் ஊரா முளைக்கிறது போய் தபால்ல வர்றதுன்னு ஆச்சு. நியூயார்க் பக்கத்துல லெவிட்டவுன்ல 1947ல லெவிட் கம்பெனி கேப் காட் மாதிரி வீடுகளை வரிசையா எழுப்புச்சு, 1949ல அதே லெவிட் கம்பெனி ராஞ்சுக்கு மாறிடுச்சு. ரெண்டே வருஷ இடைவெளி, அதே மண், அதே வானிலை, மாறினது மார்க்கெட் மட்டும்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு வீட்டை வாங்குறப்ப நாம ஒரு பொருளை வாங்கல, சதுர அடி, பெட்ரூம், மனை அளவு, பக்கத்து ஸ்கூல், ஆபீஸ் தூரம், வயசு, ஸ்டைல்னு பல குணங்களை ஒரே கட்டா வாங்குறோம். கட்டுக்கு ஒரே விலைதான் தெரியும், ஒவ்வொன்னுக்கும் தனியா எவ்வளவுன்னு தெரியாது. ஆண்ட்ரூ கோர்ட்ங்கறவர் 1939ல கார் விலைக்கு இந்த மாதிரி குணம் குணமா பிரிச்சுப் பார்த்தார், ஷெர்வின் ரோசன் 1974ல அதுக்கு ஒழுங்கான பொருளாதாரக் கோட்பாடு கொடுத்தார், ஹெடோனிக் விலைமுறைன்னு பேரு. ஆயிரக்கணக்கான விற்பனையை எடுத்து, மத்த எல்லாம் ஒன்னா இருந்து ஒரு குணம் மட்டும் மாறினா விலை எவ்வளவு மாறும்னு புள்ளியியல் வழியா கணக்குப் போடுறது.

இங்கதான் சிக்கல். பழைய இங்கிலாந்து வீடு மாதிரி தோற்றம் கொடுக்குற டியூடர் வீடுங்க பெரும்பாலும் 1920கள்ல, ஊருக்குப் பக்கத்துல, ரயில் வசதி இருந்த வசதியான புறநகர்ல கட்டினது. அதனால கணக்குல டியூடர்னு ஒரு தனிக் கட்டம் போட்டா அந்தக் கட்டத்துக்குள்ள பெரிய மரங்களும், நல்ல தெருவும், ஸ்டேஷனும் சத்தமில்லாம வந்து உக்காந்துக்கும். ஒரே தெருவுல இருக்குற வெவ்வேற ஸ்டைல் வீடுகளை ஒப்பிட்டாத்தான் ஓரளவு பிரியும், ஆனா ஒரே தெருவுல வெவ்வேற ஸ்டைல் கலந்து இருக்குறது கம்மி, ஏன்னா தெருவே ஒரே காலத்துல எழும்பியிருக்கும்.

மண்ணு எவ்வளவு பெரிய விஷயம்னு பார்க்கணும்னா சான் ஃபிரான்சிஸ்கோவையும் டெட்ராய்ட்டையும் பக்கத்துல வைங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல 19ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியில வந்த விக்டோரியன் வீடுகள்ல பலது, பில்டருங்க வேகவேகமா ரெட்வுட் மரத்துல வரிசையா கட்டி வித்தது, குறுகலான மனை. டெட்ராய்ட்ல அதே காலத்து வீடுகள்ல அகலமான, செங்கலும் கல்லும் வெச்சு இழைச்ச மாளிகைங்க உண்டு. கைவேலைப்பாட்டுல டெட்ராய்ட் ஒன்னும் குறைச்சல் இல்ல, ஆனா விலையில சான் ஃபிரான்சிஸ்கோ எங்கயோ இருக்கு. பொருளாதார நிபுணர்கள் எட்வர்ட் கிளேசரும் ஜோசஃப் ஜியோர்கோவும் காட்டினது இதைத்தான்: நாட்டுல நிறைய இடத்துல வீட்டு விலை கட்டுமானச் செலவை ஒட்டியே இருக்கு, கலிஃபோர்னியா கடற்கரை, நியூயார்க் மாதிரி சில இடத்துல மட்டும் அதைத் தாண்டி எகிறுது, காரணம் புதுசா கட்ட விடாத விதிகள்.

பழைய வீடுன்னாலே தரம்ங்கற நம்பிக்கையும் இதுல கலந்திருக்கு. மோசமா கட்டின பழைய வீடெல்லாம் இடிஞ்சு போச்சு, இப்ப நிக்கிறது தப்பிச்சதுங்க. நியூயார்க்கோட புரூக்ளின் பகுதியில பழுப்புக் கல் முகப்பு வெச்ச பிரவுன்ஸ்டோன் வீடுங்க, இப்ப கோடீஸ்வரங்க தேடுறது, ஒரு காலத்துல அறை அறையா பிரிச்சு வாடகைக்கு விட்டுக் கிடந்துச்சு. அந்த மாதிரி வீடுங்க இருக்குற புரூக்ளின் ஹைட்ஸ் 1965ல பாதுகாக்கப்பட்ட பகுதி ஆச்சு. வீட்டோட டிசைன் ரெண்டு காலத்துலயும் ஒன்னுதான்.

அப்ப ஸ்டைலுக்குன்னு விலையே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது தனி வீட்டுல இல்ல, சுத்தி இருக்குற வீடுகள்ல இருக்குன்னு நான் நினைக்கிறேன். நியூ மெக்சிகோவுல இருக்குற சாண்டா ஃபே நகரம் 1957ல சட்டம் போட்டு, பழைய பகுதியில புதுசா கட்டுறதும் மண் வீட்டுத் தோற்றத்துலதான் இருக்கணும்னு கட்டாயப்படுத்திச்சு. இதுல பலது உண்மையான மண் சுவர் கூட இல்ல, மரச் சட்டம் கட்டி மேல சாந்து பூசினதுதான், வெயிலைத் தாமதப்படுத்துற வேலையெல்லாம் செய்யாது, ஆனா தெரு முழுக்க ஒரே முகம் இருக்குறதுக்கு ஜனங்க காசு கொடுக்குறாங்க.

இதுக்கு இன்னும் தெளிவான உதாரணம் ஜோசஃப் ஐக்லர்ங்கற பில்டரோட வீடுகள். நடுத்தரக் குடும்பத்துக்காக கலிஃபோர்னியாவுல சுமார் 11,000 கட்டினார், தாழ்வான கூரை, பின்பக்கம் தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. சிலிக்கான் வேலி ஊரான பாலோ ஆல்டோவுல அதுல ஒன்னு இப்ப பல மில்லியன் டாலர், அதுல பெரும்பங்கு மண்ணுக்குத்தான். ஆனா பக்கத்து மனைக்காரர் இடிச்சுட்டு ரெண்டு மாடி கட்டினா அங்கிருந்து உங்க கண்ணாடிச் சுவர் வழியா வீடு முழுக்கத் தெரியும், அந்த டிசைனே செத்துப் போகும். அதனால அங்க சில ஐக்லர் தெருக்காரங்க சேர்ந்து, எங்க பகுதியில ஒரு மாடிக்கு மேல கூடாதுன்னு நகரசபைகிட்ட விதி வாங்கியிருக்காங்க. தன் மனையில மாடி ஏத்துற உரிமையை, அதுவும் அந்த ஊர் மண் விலையில, அவங்க விட்டுக்கொடுத்திருக்காங்க.