ஜேஆர்எஃப் வாங்கி வெளிமாநிலம் போகிறவர்களுக்கு: பணம் எப்போது வரும்?

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது பிஎச்.டி செய்வதற்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்து, தில்லியிலோ ஹைதராபாத்திலோ பிஎச்.டி இடமும் உறுதியாகிவிட்டது என்று சொன்னதும் வீட்டில் முதலில் கேட்பது, “மாசம் எவ்வளவு தருவாங்க?” என்றுதான். எப்போது தருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊரை விட்டுக் கிளம்புகிறவருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

முதலில் தொகையைச் சொல்லிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இந்தத் தொகை. அதன்பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆக உயர்ந்தால் மாதம் 42,000. இரண்டும் சேர்த்து மொத்தம் ஐந்து ஆண்டுகள், அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் வரை, எது முந்துகிறதோ அதுவரை. இந்தப் பணம் உங்கள் பெயரில் வருவது. பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி அல்ல. அதனால் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் தொகை ஒன்றுதான். நெட் பட்டியலில் பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று வந்தவர்களுக்கு இது கிடையாது. அவர்கள் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ‘நான்-நெட்’ உதவித்தொகையாக மாதம் 8,000 கிடைக்கும். வெளியூரில் அது மெஸ்ஸுக்கும் போக்குவரத்துக்கும் சரியாகிவிடும்.

அடுத்து வாடகைப்படி. பலர் குழம்புவது இங்கேதான். பல்கலைக்கழகம் ஹாஸ்டல் கொடுத்தால் வாடகைப்படி கிடையாது. ஹாஸ்டல் கட்டணத்தை மட்டும் திரும்பப் பெறலாம், மெஸ், மின்சாரம், தண்ணீர்ச் செலவு அதில் சேராது. வெளியே அறை எடுத்தால் மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ள நகர வகைப்பாட்டின்படி படி உண்டு. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் முதல் வகை. 2024 தொடக்கத்திலிருந்து மத்திய அரசு விகிதம் இந்த நகரங்களில் 30 சதவீதம். 37,000க்கு 30 சதவீதம் என்றால் 11,100. குவாஹாட்டி போன்ற இரண்டாம் வகை நகரங்களில் 20, மற்ற ஊர்களில் 10 சதவீதம். இதைக் கேட்க வெளியே தங்குவதற்கான சான்றிதழைப் பதிவாளர் அலுவலகம் வழியாகக் கொடுக்க வேண்டும். நடுவில் ஹாஸ்டல் கிடைத்து, அதைச் சொல்லாமல் படியையும் வாங்கிக்கொண்டிருந்தால் பின்னால் திருப்பிக் கட்ட நேரிடும். அறையைக் காலி செய்யும் நாளன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பணம் எப்படி வருகிறது? தேர்வு முடிவுக்குப் பிறகு இணையத்தில் இறக்கிக்கொள்ளும் ஜேஆர்எஃப் கடிதம் மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்குள் பிஎச்.டி சேர வேண்டும். கடிதம் கையில் இருப்பதாலேயே பணம் வந்துவிடாது. சேர்ந்த பிறகு ‘ஜாயினிங் ரிப்போர்ட்’ எழுதி, கைடு, துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி, ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களோடு நிர்வாகப் பிரிவில் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவர் உங்கள் விவரத்தை உதவித்தொகை இணையதளத்தில் ஏற்றுவார். அவர் பெயர் மேக்கர். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். அவர் செக்கர். ஒருமுறை ஏற்றினால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ‘இவர் இந்த மாதம் இங்கே ஆய்வு செய்தார்’ என்று ஒவ்வொரு மாதமும் இதே இருவர் உறுதி செய்தால்தான் அந்த மாதப் பணம் கனரா வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு வரும். மேக்கர் விடுப்பில் போனால் உங்கள் சம்பளமும் விடுப்பில் போய்விடும். விட்டுப்போன மாதம் பின்னால் நிலுவையாக வரும் என்பது ஆறுதல்தான். ஆனால் வீட்டுக்காரரிடம் நிலுவை என்று சொல்ல முடியாதே.

நான் 2019 ஜூலை கடைசியில் தில்லி போய்ச் சேர்ந்தேன். அப்போது மாதம் 31,000. ஆகஸ்ட் முடிந்ததும் முதல் தவணை வந்துவிடும் என்று நம்பி, கையில் பதினைந்தாயிரத்தோடு ரயில் ஏறினேன். அறைக்கு ஒரு மாத அட்வான்ஸ், ஒரு மெத்தை, ஒரு வாளி, ஒரு இண்டக்ஷன் அடுப்பு. முதல் வாரத்திலேயே பாதி போய்விட்டது. என் ஜாயினிங் ரிப்போர்ட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து இடம் மாறியிருந்தது. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும். அங்கே விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்து, அலுவலகத்தில் கோப்பு நகர்ந்து, குறுஞ்செய்தி வந்தது டிசம்பர் இரண்டாவது வாரம். அதுவரைக்கும் அம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கியில் இருந்தது. நிலுவை மொத்தமாக வந்த அன்று அம்மாவுக்கு போன் செய்தேன். “முதல்ல வட்டியைக் கட்டுடா” என்றார்.

அதனால் நான்கு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பெயர் விஷயத்தை ஊரிலேயே முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், ஜேஆர்எஃப் கடிதம் நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அரைமணி நேர வேலை.

இன்னொரு தாள் ஓபிசி சான்றிதழ். நம் மாநிலத்தில் வாங்கிய பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் அட்டையை மத்தியப் பல்கலைக்கழகத்தில் காட்டினால் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தில்லியில் உட்கார்ந்துகொண்டு ஊர்த் தாசில்தாரிடம் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா? கூடவே, படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மைக்ரேஷன் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். மாநிலம் விட்டுப் போகும்போது அதைக் கேட்பார்கள்.

உதவித்தொகை தவிர ஆண்டுக்கு ஒரு செலவுநிதியும் உண்டு. ‘கன்டிஞ்சென்சி’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 10,000, பிறகு தலா 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. புத்தகம், எழுதுபொருள், களப்பணிப் பயணம் எல்லாம் இதில் அடங்கும். மேசை நாற்காலி, தேர்வுக் கட்டணம் ஆகாது. ரசீது இல்லாமல் எதுவும் நடக்காது. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ரசீதுகளைப் போட்டு வைத்திருந்தேன், மார்ச் மாதத்தில் அதுதான் காப்பாற்றியது.

இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்ஆர்எஃப் உயர்வு தானாக நடக்காது. கைடு, துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் என மூவர் குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். வெளி நிபுணரின் தேதி கிடைப்பதுதான் சிரமம். இரண்டு மாதம் முன்பே கைடிடம் நினைவுபடுத்துங்கள். வேலை போதாது என்று குழு நினைத்தால் இன்னும் ஓராண்டு ஜேஆர்எஃப் தொகையிலேயே தொடர வேண்டியிருக்கும்.

விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். ஆசிரியர்களுக்கு உள்ள கோடை விடுமுறை நமக்குக் கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வர நினைத்தால், ரயிலில் போகிற இரண்டு நாளையும் வருகிற இரண்டு நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விடுப்பில் வருமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாத உறுதிப்பாட்டை நிறுத்த ஒருவர் கேள்வி எழுப்பினால் போதும்.

காலக்கெடு யுஜிசியின் 2022 பிஎச்.டி விதிகளில் இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இன்னும் இரண்டு. ஆக அவர்களுக்கு மொத்தம் பத்து ஆண்டு வரை நீளலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தப் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை எடுக்கலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண் ஆய்வாளர், அதுவரை செய்த ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் அதே விதிகள் வழிவிடுகின்றன. அந்த ஆய்வு நிதி பெற்ற திட்டம் எதற்கும் உட்பட்டதாக இருக்கக் கூடாது, பழைய நிறுவனத்துக்கும் கைடுக்கும் உரிய பங்கைக் குறிப்பிட வேண்டும் என்பவை நிபந்தனைகள். இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் முதலிலிருந்து மறுபடி சேர்ந்த இருவரை எனக்குத் தெரியும்.

விதி ஆறு ஆண்டு தருகிறது, உதவித்தொகையோ ஐந்தோடு நின்றுவிடும். ஆய்வேட்டைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த ஓர் ஆண்டின் வாடகையை நான்காம் ஆண்டிலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.