கார்டு செத்தால் டிஸ்க்கை யார் படிப்பது?

புதிதாக சர்வர் வாங்குகிறோம், ரெய்டுக்கு, அதாவது ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா பிழைக்கும்படி பல டிஸ்க்குகளைக் கோத்து வைப்பதற்கு, தனியாகக் கன்ட்ரோலர் கார்டு போடலாமா, இல்லை லினக்ஸிலேயே சாஃப்ட்வேர் ரெய்டாகப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள், அடுத்த மூச்சிலேயே 'எது வேகம்?' என்று கேட்டுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். டிஸ்க்குகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஆனால் அவற்றைச் சுமந்துகொண்டிருந்த பெட்டி செத்துவிட்டது, இப்போது அந்த டிஸ்க்குகளைக் கழற்றி எதில் மாட்டிப் படிப்பீர்கள்? இதற்குப் பதில் கையில் இருந்தால் எந்த வகையை வேண்டுமானாலும் எடுங்கள். இல்லையென்றால், வேகத்தைப் பற்றிப் பேசுவது அப்புறம்.

ரெய்டு என்ற ஏற்பாடு பரவலானது 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான். அந்தக் காலத்து சிபியூவுக்குப் பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் டேட்டா) கணக்குப் போடுவது உண்மையிலேயே சுமை, அதனால் அந்த வேலையைத் தனிச் சிப் வைத்த கார்டுக்குத் தள்ளிவிட்டது நியாயமாக இருந்தது. இன்றைக்கு அந்தக் காரணம் கிட்டத்தட்ட இல்லை. லினக்ஸில் ரெய்டு6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை) மாட்யூல் ஏறும்போது ஓடுகிற வரிகளை நிறுத்திப் பாருங்கள்: எந்தக் கணக்கு முறை இந்தச் சிபியூவில் வேகமாக ஓடுகிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலே சோதித்து, நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று எழுதிவிட்டுப் போகும். சாதாரணச் சிபியூவிலேயே அந்த எண் ஆயிரக்கணக்கில் நிற்கும். சுழலும் டிஸ்க் ஒன்று தருவதோ நொடிக்கு 200, 250 மெகாபைட். ஆகவே 'சாஃப்ட்வேர் ரெய்டு சிபியூவைத் தின்றுவிடும்' என்று இன்னும் யாராவது சொன்னால், அது பழைய செய்தி.

அப்படியானால் கார்டுக்குக் கொடுக்கிற காசு எதற்கு? முக்கியமாக அதில் இருக்கிற கேஷ் மெமரிக்கும், அந்தக் கேஷைக் காப்பாற்றுகிற பேட்டரிக்கும். டேட்டாபேஸ் ஒரு வரியை எழுதச் சொல்கிறது, கார்டு அதைத் தன் மெமரியில் வாங்கிக்கொண்டு உடனே 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடுகிறது, டிஸ்க்குக்கு நிதானமாக அனுப்புகிறது. ரைட்-பேக் என்பது இதுதான். நடுவில் கரண்ட் போனால் பேட்டரி அந்த மெமரியை உயிரோடு வைத்திருக்கும். புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டரும் ஃப்ளாஷும் இருக்கும், கரண்ட் போன அந்த நொடியில் மெமரியில் இருப்பதை ஃப்ளாஷில் கொட்டிவிடும். சுழலும் டிஸ்க்குகளின் மேல் நிறைய சின்னச் சின்ன எழுத்து வேலை நடக்கிற இடத்தில் இதன் பலன் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பேட்டரியைப் பார்ப்பவர் யாரும் இல்லை என்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற சங்கதி. சில வருடங்களில் பேட்டரி தளர்ந்துவிடும், கார்டு தானாகவே ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும், அதாவது ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் விழுந்த பிறகுதான் 'சரி' என்று சொல்லும். வெளியே தெரிவது என்ன? ஒரு திங்கட்கிழமை காலையில் பில்லிங் சாஃப்ட்வேர் இழுக்கிறது. டெவலப்பர் குவெரியைத் திருத்துகிறார், நெட்வொர்க்காரர் கேபிளை மாற்றுகிறார், மெமரி கூட்டுகிறார்கள், எதுவும் எடுபடவில்லை, கடைசியில் கார்டின் நிலவரத்தை எடுத்துப் பார்த்தால் பேட்டரி என்ற வரிக்கு எதிரே 'ஃபெயில்டு' என்று சாதுவாக எழுதியிருக்கும். இதுகூடப் பரவாயில்லை, மெதுவானதோடு போயிற்று. சிலர் வேகம் வேண்டும் என்று 'பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்கிலேயே இரு' என்ற அமைப்பைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை கரண்ட் போகும்போது, எழுதியாயிற்று என்று டேட்டாபேஸ் நம்பிக்கொண்டிருக்கிற விஷயங்கள் மெமரியோடு போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது பெட்டி செத்த கதைக்கு வருவோம். எந்த டிஸ்க் எத்தனாவது, ஸ்ட்ரைப் (டேட்டாவைத் துண்டாக்கி டிஸ்க்குகளில் பரப்பும் அளவு) எவ்வளவு, பாரிட்டி எப்படிச் சுற்றி வருகிறது என்ற விவரங்களை ஹார்டுவேர் கார்டு ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலும் தன் பாணியில் எழுதி வைக்கும். அதே கம்பெனியின் அதே வகைக் கார்டு இன்னொன்று கிடைத்தால், டிஸ்க்குகளை மாட்டியதும் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன் இருக்கிறது' என்று திரையில் வரும். அங்கே இரண்டு வழி இருக்கும், இம்போர்ட் ஒன்று, க்ளியர் ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு, நாலு பேர் பின்னால் நின்றுகொண்டு எப்போது வரும் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, 'ஃபாரின்' என்ற சொல்லைப் பார்த்து ஏதோ வேண்டாதது என்று நினைத்து க்ளியரை அழுத்துகிறவர்கள் உண்டு. அழுத்தினால் டேட்டா உடனே அழியாது, ஆனால் அதைக் கோத்து வைத்திருந்த வரைபடம் போய்விடும், அதற்குப் பிறகு மீட்பது தனி வித்தை, தனிச் செலவு. இன்னொன்று, ஏழெட்டு வருடம் கழித்து அந்தக் கார்டு சந்தையில் இருக்குமா? பழைய பொருள் விற்பவரிடம் தேடி, ஃபார்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பொருந்துமா என்று பார்த்து மாட்ட வேண்டிவரும். ஹார்டுவேர் ரெய்டு எடுக்கிறவர்களுக்கு என் நிபந்தனை ஒன்றே: கார்டு இரண்டாக வாங்குங்கள், இரண்டாவதை அலமாரியில் வையுங்கள், இரண்டிலும் ஒரே ஃபார்ம்வேர் இருக்கட்டும். இதற்குப் பட்ஜெட் இல்லை என்றால் ஹார்டுவேர் ரெய்டுக்கே பட்ஜெட் இல்லை என்றுதான் அர்த்தம்.

சாஃப்ட்வேர் ரெய்டில் இந்த வரைபடம் எல்லாரும் படிக்கிற மொழியில் இருக்கிறது. லினக்ஸின் சொந்த சாஃப்ட்வேர் ரெய்டான எம்டி ரெய்டு என்றால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் இந்த வரைபடத்தைச் சுமக்கும் சூப்பர்பிளாக் இருக்கும். எந்தக் கம்பெனி மதர்போர்டானாலும் சரி, டிஸ்க்குகளை எந்த வரிசையில் மாட்டினாலும் சரி, எம்டிஅடம் கருவியில் அசெம்பிள் என்று சொன்னால் எழுந்து நிற்கும். ரெய்டையும் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் என்றால் இம்போர்ட். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: புது வெர்ஷன் வசதிகளை இயக்கிவிட்ட பூலை (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பை) பழைய வெர்ஷன் திறக்காமல் போகலாம், ஆகவே மீட்புக்கு வைத்திருக்கும் பென்டிரைவில் வெர்ஷன் பழசாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எம்டி ரெய்டிலும் ஒரு எச்சரிக்கை. அரே (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பு) எழவில்லை என்றால், இணையத்தில் எங்கோ படித்துவிட்டு க்ரியேட் கட்டளையைப் போடாதீர்கள். டிஸ்க் வரிசையிலோ சங்க் (ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதும் துண்டு) அளவிலோ ஒன்று பிசகினாலும் பாரிட்டியைத் தவறான இடத்தில் எழுதத் தொடங்கிவிடும். அசெம்பிள்தான் மீட்பதற்கான கட்டளை. க்ரியேட் புதிதாகக் கட்டுவதற்கு.

சாஃப்ட்வேர் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரெய்டு5ல் (ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் வகை) டேட்டாவையும் அதன் பாரிட்டியையும் தனித்தனி டிஸ்க்குகளில் எழுதுகிறோம், இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றுவிடும். ரைட் ஹோல் என்பார்கள். எல்லா டிஸ்க்கும் இருக்கும்வரை இது தெரியாது. ஒரு டிஸ்க் ஏற்கெனவே போயிருக்கும் நேரத்தில் இது நடந்தால், போன டிஸ்க்கில் இருந்ததைத் தவறாகக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். அதனால்தான் லினக்ஸ் அப்படிப்பட்ட அரேயைத் தானாகத் தொடங்க மறுக்கும்; கோபப்பட்டு ஃபோர்ஸ் போடுவதற்கு முன் அது ஏன் மறுக்கிறது என்று யோசியுங்கள். பேட்டரியுள்ள கார்டு இந்த ஓட்டையை அடைக்கிறது. லினக்ஸிலும் கெர்னல் 4.4 முதல் ஜர்னல் டிஸ்க் (எழுதப்போவதை முதலில் குறித்து வைக்கும் தனி டிஸ்க்) வைக்கலாம், 4.12 முதல் ரெய்டு5க்குப் பகுதிப் பாரிட்டி லாக் இருக்கிறது, ஆனால் இரண்டையும் நாம்தான் இயக்க வேண்டும். இசட்எஃப்எஸ் பழைய இடத்தின் மேலேயே எழுதுவதில்லை, எப்போதும் புது இடத்தில் எழுதிவிட்டு அப்புறம்தான் சுட்டியை மாற்றுகிறது, ஆகவே அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இசட்எஃப்எஸ் பற்றிப் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஹார்டுவேர் கார்டில் ரெய்டு கட்டி, அதன் மேல் இசட்எஃப்எஸ் போடுவார்கள், இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (டேட்டா கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது, எந்தப் பிரதி கெட்டது என்று அதற்குத் தெரியும், நல்ல பிரதியிலிருந்து எடுத்துத் திருத்தும். கார்டு எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்காகக் காட்டிவிட்டால், கெட்டுவிட்டது என்று அது சொல்லும், திருத்துவதற்கு இரண்டாவது பிரதி அதன் கையில் இருக்காது. அங்கே வேண்டியது ரெய்டு வேலை பார்க்காத, டிஸ்க்கை அப்படியே காட்டுகிற எச்பிஏ கார்டு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்காதது: மதர்போர்டோடு வருகிற ரெய்டு. பயாஸில் மெனு வரும், ஹார்டுவேர் ரெய்டு மாதிரியே தோன்றும், ஆனால் வேலையெல்லாம் டிரைவரும் சிபியூவும்தான். கேஷும் இல்லை, பேட்டரியும் இல்லை, போர்டு மாறினால் என்ன ஆகும் என்பது அந்தப் போர்டைப் பொறுத்தது. இன்டெல் வகையை எம்டிஅடம் படிக்கும் என்பது ஓர் ஆறுதல். லினக்ஸ் மட்டும் ஓடுகிற பெட்டியில் அதைத் தொடவே வேண்டாம்.

அப்படியென்றால் ஹார்டுவேர் ரெய்டு யாருக்கு? விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்கு, உள்ளூர் டிஸ்க்குகளை மிரர் செய்ய அதில் சாஃப்ட்வேர் ரெய்டு கிடையாது. விண்டோஸ் சர்வரின் பூட் டிஸ்க்குக்கு. விண்டோஸின் சாஃப்ட்வேர் ரெய்டு மாதிரியான ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் 2012 பதிப்பிலிருந்தே இருக்கிறது என்றாலும் பூட் டிஸ்க்குக்கு அதை நம்பி நான் இறங்குவதில்லை. அப்புறம், டெக்னிக்கல் ஆள் யாரும் இல்லாத கிளை அலுவலகத்துக்கு. அங்கே சிவப்பு விளக்கு எரிகிற டிஸ்க்கை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகச் சொன்னால் போதும், மீதியைக் கார்டு பார்த்துக்கொள்ளும். சாஃப்ட்வேர் ரெய்டில் விளக்கு எரியவே தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும், பல இடங்களில் செய்திருக்க மாட்டார்கள். கெட்டதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை இழுத்து, இரண்டு டிஸ்க்கும் போன நிலைக்குக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணமாக நடக்கிற விபத்து. ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை ஒட்டி வையுங்கள். இழுப்பதற்கு முன் அதைத் தொலைபேசியில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

என்விஎம்இ டிஸ்க்குகள் (பிசிஐ வழியாக நேரே இணையும் வேகமான ஃப்ளாஷ் டிஸ்க்குகள்) என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. ஒவ்வொன்றும் நாலு பிசிஐ லேன் (டேட்டா போகும் பாதை) கேட்கிறது, எட்டு டிஸ்க்கையும் பதினாறு லேன் கார்டுக்குள் திணித்தால் கார்டுதான் முட்டுச்சந்து. அங்கே நான் யோசிக்காமல் சாஃப்ட்வேர் பக்கம் போவேன், கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கிற கெப்பாசிட்டர் வைத்த டிஸ்க்குகளாகப் பார்த்து.

எதை எடுத்தாலும் டிஸ்க் தேர்வில் கவனம் வேண்டும். வீட்டு உபயோக டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரில் மாட்டிக்கொண்டால் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் 30 நொடி பார்த்துவிட்டு அதை ரீசெட் செய்யும், அரே அதைத் தள்ளிவிடும், ஒரு செக்டார் பிரச்சினைக்கு முழு டிஸ்க்கும் வெளியே. ரெய்டுக்கென்று வருகிற டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டுவிடும், மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்த டேட்டாவை எடுத்து அரே திரும்ப எழுதிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் இந்த நேரத்தை அமைக்கலாம், பல டிஸ்க்குகளில் ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் அது மறந்துவிடும் என்பதால் பூட் ஸ்கிரிப்ட்டில் போட்டு வையுங்கள்.

ரீபில்டு (கெட்ட டிஸ்க்குக்குப் பதில் போட்ட புதியதில் டேட்டாவைத் திரும்பக் கட்டுவது) கணக்கையும் போட்டுப் பாருங்கள். 16 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 200 மெகாபைட், இடையில் வேறு வேலையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 22 மணி நேரம். வேலை நேரத்தில் அது நாட்களாக நீளும். அந்த நேரம் முழுக்க ரெய்டு5ல் இன்னொரு டிஸ்க் போனால் தாங்க எதுவும் மிச்சம் இல்லை, மிச்சமிருக்கும் டிஸ்க்குகளில் எப்போதோ கெட்டுப்போன, யாரும் படிக்காததால் தெரியாமல் இருந்த செக்டார் அப்போதுதான் வெளிப்படும். பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு5 போடாதீர்கள், ரெய்டு6 அல்லது ரெய்டு10 (ஒவ்வொரு டேட்டாவுக்கும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி வைக்கும் வகை) போடுங்கள். மாதம் ஒரு முறையாவது முழுவதையும் படித்துப் பார்க்கிற ஸ்க்ரப் ஓடட்டும். டெபியனில் எம்டி ரெய்டுக்கு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே ஓடும், கார்டுகளில் பேட்ரோல் ரீட் என்று இருக்கும், இயங்குகிறதா என்று பாருங்கள்.

தவறுதலாக அழித்த ஃபோல்டரை எந்த ரெய்டும் திருப்பித் தராது, ரான்சம்வேர் பூட்டிய ஃபைலை எல்லா டிஸ்க்கிலும் பூட்டியபடியே பத்திரமாக வைத்திருக்கும். பேக்கப் தனி, அது வேறு பெட்டியில், வேறு இடத்தில்.

கடைசியாக, டிஸ்க் போனால் வர வேண்டிய எச்சரிக்கை மெயில். எம்டி ரெய்டின் நிலவரம் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் நல்ல அரேயில் டிஸ்க்குக்கு ஒன்றாக யூ எழுத்துகள் வரிசையாக நிற்கும், டிஸ்க் போன இடத்தில் யூவுக்குப் பதில் ஓர் அடிக்கோடு இருக்கும். அந்த அடிக்கோடு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, இரண்டாவது டிஸ்க் போன அன்றுதான் எனக்கு அழைப்பு வந்த இடங்கள் உண்டு. பார்த்தால் எச்சரிக்கை ஒழுங்காகத்தான் போயிருக்கும், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. ஹார்டுவேர் கார்டானால் அதன் கண்காணிப்புச் சாஃப்ட்வேரை யாரும் நிறுவியிருக்க மாட்டார்கள், பூட்டிய அறைக்குள் பீப் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். டேட்டா ஏற்றுவதற்கு முன்பே ஒரு டிஸ்க்கை ஓடும்போதே இழுத்துப் பாருங்கள். மெயில் வந்ததா, யாருக்கு வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், முகவரி தனி ஆளுடையதாக இல்லாமல் குழுவினுடையதாக இருக்கட்டும். ரீபில்டு முடிந்த பிறகு, எல்லா டிஸ்க்குகளையும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டி அரே எழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் போட்ட கட்டளைகளை ஒரு தாளில் எழுதி சர்வரின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.