திறமை இருந்தும் தெரியாமல் போகிறவர்கள்

ஆட்சேர்ப்புப் பணியில் இருக்கும் என் போன்றவர்கள் விண்ணப்பக் கட்டைப் பிரித்ததும் முதலில் தேடுவது முன்அனுபவத்தைத்தான். அது இல்லாத தாளை இரண்டாம் முறை படிப்பது அரிது. இளைஞர் வேலையின்மை மிகக் கடுமையாக உள்ள தென்னாப்பிரிக்காவில், மெட்ரிக் எனப்படும் பள்ளியிறுதியை முடித்தும் ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்கியிராத பிள்ளைகளின் விண்ணப்பங்கள் இப்படித்தான் ஒதுக்கப்படுகின்றன. இந்த வழக்கத்தை மாற்ற முயலும் ஹராம்பீ என்ற லாப நோக்கற்ற நிறுவனம் 2011இல் அங்கே தொடங்கப்பட்டது.

மதிப்பெண்ணைக் காட்டிலும் கற்றுக்கொள்ளும் ஆற்றலை அளப்பதே அதன் அணுகுமுறை. கணிதத்தில் ஒருவர் வாங்கிய குறைந்த மதிப்பெண், அவர் படித்த பள்ளியின் நிலையைத்தான் பல வேளைகளில் காட்டுகிறது என்பது என் கருத்தும்கூட. ஆய்வாளர்கள் அந்நிறுவனத்துடன் சேர்ந்து, ஜோகன்னஸ்பர்க்கில் வேலை தேடிய ஏறத்தாழ 6,900 இளைஞர்களிடம் எண்ணறிவு, மொழித்தொடர்பு, திட்டமிடல் உள்ளிட்ட ஆறு திறன்களைச் சோதித்தார்கள். புதிதாகப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. ஆயினும், முடிவுகளைத் தம் பெயரும் நிறுவன முத்திரையும் பொறித்த சான்றிதழாகப் பெற்றவர்களிடையே, அது பெறாதவர்களைவிட வேலையில் இருப்போர் விகிதம் 17 விழுக்காடும் வருமானம் 34 விழுக்காடும் கூடின. அதே முடிவுகளைப் பெயரில்லாத தாளில், தாம் மட்டும் அறிந்துகொள்ளப் பெற்றவர்களுக்கு வேலை கிடைப்பது அவ்வளவாக உயரவில்லை. திறமை அவர்களிடம் முன்பே இருந்தது. வேலை கொடுப்பவர் நம்பிப் பார்க்கத்தக்க ஒரு தாள்தான் இல்லாதிருந்தது.

அடுத்த தடை தொலைவு. நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை நகரங்களின் விளிம்புக்கு ஒதுக்கியதால், சோவெட்டோ போன்ற குடியிருப்புகளிலிருந்து அலுவலகங்கள் நிறைந்த சாண்ட்டன் பகுதிக்குச் செல்ல மினிபஸ் டாக்சிகளில் மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது. தொடக்கநிலைச் சம்பளத்தில் பெரும்பங்கு பயணத்துக்கே போனால், எவ்வளவு உழைப்பாளியானாலும் சில மாதங்களில் அந்த வேலையை விட்டுவிடுவார். அதனால்தான் வீட்டுக்கு அருகிலுள்ள வேலையோடு ஆளைப் பொருத்துவதும், டேட்டா செலவின்றிக் கைபேசியிலேயே வேலை தேட வழிசெய்வதும் பெரிய உதவிகளாகின்றன.

வேலை தேடுபவரிடம் பணம் வாங்கும் இடைத்தரகர்களைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் இதைத் தடை செய்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அவ்வாறே சொல்கிறது. பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், கடன் வாங்கியாவது அதைக் கட்டத் துணியும் குடும்பங்கள் இருப்பதால்தான் அந்த வலை விரிக்கப்படுகிறது.

இத்தகைய அமைப்புகளுக்கு நன்கொடை தர எண்ணுபவர்கள், எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தீர்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருக்கிறார்கள், பயணச் செலவு போகக் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள்.