ஒட்டுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: மலிவு பிக்கப்பும் மரக் கருவிகளும்

தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு வயலினின் மேற்பலகையில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், பிக்கப்பாக, அதாவது கருவியின் அதிர்வை மின் சைகையாக மாற்றி மிக்ஸருக்கோ ஆம்புக்கோ அனுப்புவதற்காக, நாணய அளவிலான பித்தளைத் தகடு ஒன்று சூப்பர் க்ளூவால் ஒட்டப்பட்டிருந்தது. உரிமையாளர் அதைக் கத்தி முனையால் நெம்பி எடுக்க முயன்று, மரம் நெறிபடும் சத்தம் கேட்டதும் பாதியில் நிறுத்தியிருந்தார். தூக்கி நின்ற விளிம்பின் அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, வார்னிஷ் மட்டுமல்லாமல் ஸ்புரூஸ் மரத்தின் வெளிறிய நார்களும் இழை இழையாகத் தகட்டோடு உரிந்து வந்திருந்தன. அந்தப் பலகையின் கனமே ஏறக்குறைய 3 மி.மீ. தான். எதற்காக இப்படி ஒட்டினீர்கள் என்று கேட்டேன். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியபோது ஒலி தகரம் தட்டுவதுபோல் இருந்ததாகவும், மரத்தோடு மரமாக இறுகப் பிடிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாகவும் கூறினார். இறுக ஒட்டிய பிறகும் ஒலி அப்படியேதான் இருந்ததாம்.

இதே கதையோடு கிட்டாரும் வருகிறது, மாண்டலினும் வருகிறது, வீணையும் வருகிறது. கருவி மாறுகிறதே தவிரத் தவறு மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மலிவான பிக்கப்பை நான் குறை சொல்லவில்லை. பித்தளை வட்டின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்தப் பீங்கான் அடுக்கு, அதிர்வால் நெளியும்போது மின்னழுத்தத்தைத் தருகிறது. பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டறிந்த அதே விளைவுதான் இது. பல மடங்கு விலையுள்ள பிக்கப்புகளில் பலவும் இதே விளைவில்தான் இயங்குகின்றன. வட்டு மலிவு என்பதால் ஒலி மெலிவதில்லை.

அப்படியானால் அந்தத் தகர ஒலி எங்கிருந்து வருகிறது? ஏறத்தாழ எப்போதும், வட்டை எதில் செருகுகிறோமோ அங்கிருந்துதான் வருகிறது. இதைத்தான் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வட்டை பீசோ வட்டு என்பார்கள்; மின்னியல் நோக்கில் அது ஒரு மின்தேக்கி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 27 மி.மீ. வட்டின் மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 20 நானோஃபாரட். இதை ஒரு மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால், அந்த உள்ளீட்டின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) வழக்கமாக 10 கிலோஓம் அளவில் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால், ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைப் படிப்படியாகக் குறைத்துவிடும் ஒரு வடிகட்டி தானாகவே உருவாகிவிடுகிறது. வயலினின் நான்கு திறந்த தந்திகளை எண்ணிப் பாருங்கள்: 196, 294, 440, 659 ஹெர்ட்ஸ். நான்கின் அடிப்படைச் சுருதியும் அந்த எல்லைக்குக் கீழேயே இருக்கின்றன. மிகத் தாழ்ந்த தந்தியின் அடிப்படைச் சுருதி கால்பங்கு வலிமையோடு மட்டுமே மிக்ஸருக்குள் போகிறது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எஞ்சுவது மேல் ஒலிகளும் விரல் உரசும் சத்தமும்தான். இதைக் கேட்டுவிட்டு, “வட்டு சரியாக ஒட்டவில்லை” என்று முடிவுகட்டிப் பசையைத் தேடுகிறார்கள். உலகத்திலேயே மிக வலுவான பசையைப் போட்டாலும் மிக்ஸரின் உள்ளே இருக்கும் அந்த 10 கிலோஓம் மாறப்போவதில்லை.

மைக் உள்ளீட்டில் செருகுவோர் நிலை இன்னும் மோசம். அங்கே மின்மறுப்பு 2 கிலோஓம் அளவுக்கே இருப்பதால், எல்லை 4,000 ஹெர்ட்ஸை நெருங்கிவிடுகிறது. அதே வட்டை, அதே டேப்போடு, 1 மெகாஓம் உள்ளீடு உள்ள ஒரு பிரீஆம்பிலோ (மிக்ஸருக்கு முன் சைகையை வலுப்படுத்தும் சாதனம்) ஆக்டிவ் டிஐ பாக்ஸிலோ (கருவியை மிக்ஸரோடு பொருந்தச் செய்யும் பெட்டி) செருகுங்கள். எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது நம் காதுக்கு எட்டும் எதுவும் இழக்கப்படாது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஓர் எளிய ஜேஃபெட் பஃபர் சுற்று (உள்ளீட்டு மின்மறுப்பை உயர்த்தித் தரும் டிரான்சிஸ்டர் சுற்று) போதும். மின்கிட்டார் ஆம்ப்களின் உள்ளீடு வழக்கமாக 1 மெகாஓம் அளவில் இருப்பதால், சோதனைக்கு அதுவே போதுமானது. என் பட்டறையில், மனமுடைந்து வருபவர்களின் கருவியை எதுவும் தொடாமல் முதலில் இப்படித்தான் செருகிக் காட்டுகிறேன். அவர்களில் பலர் அதன் பிறகு பசையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நீளமான கேபிள்தான் காரணம் என்போரும் உண்டு. காந்தச் சுருள் பிக்கப்புக்கு அது பொருந்தும்; வட்டுக்குப் பொருந்தாது. சாதாரணக் கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் சேர்த்தாலும், 20 நானோஃபாரட் உள்ள வட்டின் முன் ஐந்து மீட்டர் கேபிள் மொத்த ஒலியையும் இரண்டு மூன்று விழுக்காடு குறைக்கும், அவ்வளவுதான். ஆகவே புதுக் கேபிள் வாங்கும் பணத்தைப் பிரீஆம்புக்குச் செலவிடுங்கள்.

சரியான பிரீஆம்ப் வந்த பிறகும், வட்டு மைக்கைப்போல ஒலிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மைக் அறையின் காற்றைக் கேட்கிறது. வட்டோ மரத்தின் ஒரே ஒரு புள்ளியைக் கேட்கிறது. ஆகவே அந்தப் புள்ளி எது என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்குக் காதுதான் கருவி, பசை அல்ல. கிட்டாரில் ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ள பிரிட்ஜ் பிளேட்டில் தற்காலிகமாக ஒட்டி, ஒரு விரல் அகலம் இப்படியும் அப்படியும் நகர்த்தி வாசித்துப் பாருங்கள். வேறொரு பிக்கப்பை மாட்டியதுபோல் வித்தியாசம் தெரியும். வயலினில் பாஸ் பார் (தடித்த தந்தியின் பக்கம் மேற்பலகையின் உள்ளே ஒட்டிய நீளக் கட்டை) இருக்கும் பக்கத்துப் பிரிட்ஜ் காலுக்கு அருகே வைத்தால் ஒலி கனக்கும். சவுண்ட்போஸ்ட் (உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் குச்சி) பக்கம் கூர்மையாகும். பிரிட்ஜின் மேல் முனையில் எடையைத் தொங்கவிடாதீர்கள். மியூட் என்னும் சாதனம் ஒலியை அடக்குவதே அங்கே எடையைச் சேர்த்துத்தான். வீணையிலும் குதிரை எனப்படும் பிரிட்ஜின் மேல் எதையும் ஒட்டாமல், அதன் அருகே பலகையில் இடம் தேடுவதே நல்லது. நல்ல இடம் அகப்படும்வரை எதையும் நிரந்தரமாக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. அகப்பட்ட பிறகும், வெளிப்புறத்தில் நிரந்தரமாக்கவே கூடாது.

வெளிப்புறத்தில் ஏன் கூடாது என்று விளக்குகிறேன். சூப்பர் க்ளூ பல வகை வார்னிஷ்களைக் கரைத்து அதனுள்ளே இறங்கிவிடுகிறது. பல கிட்டார்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெருகுப் பூச்சில் அது விட்டுச்செல்லும் வடுவை மெருகேற்றி மறைக்க முடிவதில்லை. “அசிட்டோன் வைத்தால் கரைந்துவிடும்” என்பார்கள். ஆம், பசை கரையும். பூச்சும் சேர்ந்து கரையும். அரக்கால் மெருகிட்ட பழைய கருவியில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு பட்டாலே போதும், மெருகு போய்விடும். சூட்டுப் பசையும் இதற்கு விலக்கல்ல. மெத்தென்ற ஃபோம் டேப் வேறு வகையில் கெடுக்கிறது: மேல் அதிர்வுகளை அதுவே விழுங்கிவிடும், மாதக்கணக்கில் விட்டால் அதன் பிசினும் பூச்சோடு கலந்துவிடும். சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற ஒட்டுப்பொருளைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம்; ஆனால் வாசித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், பூச்சில்லாத மரத்தில் அது எண்ணெய்க் கறையை விடும். எடுக்கும்போது இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள். கிட்டாரின் உள்ளே இருக்கும் பிரிட்ஜ் பிளேட் பூச்சில்லாத கட்டை என்பதால், அங்கே மெல்லிய இரட்டைப் பக்க டேப் நன்றாக நிற்கும். வெளியே பொருத்தியே ஆக வேண்டிய நிலை இருந்தால், கவ்விப் பிடிக்கும் வகைப் பிக்கப்பை வாங்குங்கள்.

துளை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டாரின் அடிப்பகுதியில் ஜாக் (கேபிளைச் செருகும் துளை) பொருத்த 12 மி.மீ. அளவுக்குத் துளை வேண்டும். உள்ளே தடித்த கட்டை இருக்கும் இடம் அது. பக்கவாட்டுப் பலகையோ 2 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். கைத்துளைப்பான் அந்தப் பலகையைத் துளைப்பதோடு நிற்காமல் இழையோடு பிளந்துவிடும். கட்டையிலும், சாதாரண பிட் கவ்வி இழுத்துக்கொண்டு விளிம்பைச் சிதறடிக்கும். நாங்கள் படிப்படியாக விரியும் ரீமரைக் கொண்டு கையாலேயே திருகுகிறோம். வயலினில் தந்திகளின் இழுப்பைத் தாங்குவதே அடிமுனையில் செருகியிருக்கும் எண்ட்பின் என்னும் முளைதான். அங்கே கையை வைக்காதீர்கள். கேபிளைச் செருகும் ஜாக்கை, முகவாயைத் தாங்கும் பலகையோடு (சின் ரெஸ்ட்) பிணைத்துவைத்தாலே போதுமே! போட்ட துளையை எங்களால் அடைக்க முடியும், ஆனால் போடாததாக்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட்டை இடத்துக்குப் பொருந்துமாறு வெட்டவோ அரம் கொண்டு தேய்க்கவோ வேண்டாம். அந்தப் பீங்கானில் ஈயம் இருக்கிறது, அதன் தூள் உங்கள் நுரையீரலுக்கோ குழந்தைகள் தவழும் தரைக்கோ போகக் கூடாது. வட்டை வளைத்தால் பீங்கான் விரிசல்விடும். ஒயரைச் சோல்டர் செய்யும்போது சூட்டுக்கோலை நொடிக்கணக்கில்தான் வைக்க வேண்டும். நேரம் கடந்தால் வெள்ளிப் பூச்சு உரியும், பீங்கானும் தன் குணத்தை இழக்கும். உர்ரென்ற இரைச்சல் வந்தால், பித்தளைப் பக்கம் எர்த்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உறையிட்ட கேபிளும், பீங்கான் முகத்தின் மேல் காப்பிட்டுப் போர்த்திய செம்புத் தாளும் மீதியைச் சரிசெய்யும். ஒலியைக் குறைத்துவைத்துவிட்டுத்தான் செருகவும் பிடுங்கவும் வேண்டும். வட்டில் விழும் ஒரு தட்டு பல வோல்ட் தரக்கூடியது, அது ஸ்பீக்கரையும் காதையும் பதம் பார்க்கும். மிக்ஸரில் மைக்குகளுக்காக அனுப்பப்படும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் இயங்கும் வழியில் வட்டை நேராக இணைக்காதீர்கள். எர்த் இல்லாத பிளக்கில் ஓடும் ஆம்போடு எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள், அதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

வயலின் வைத்திருப்போருக்குத் தனியாக ஒன்று: பிக்கப்பைப் பொருத்துவதற்காக நான்கு தந்திகளையும் ஒருசேரத் தளர்த்திவிடாதீர்கள். உள்ளே சவுண்ட்போஸ்ட் ஒட்டப்படாமல், அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அது சாய்ந்துவிட்டால் மீண்டும் நிறுத்துவது வீட்டில் நடக்கிற வேலை அல்ல.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? அப்படியானால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நெம்பாதீர்கள், அசிட்டோன் ஊற்றாதீர்கள், முடி உலர்த்தியைக் காட்டாதீர்கள். வட்டு அங்கே இருப்பதால் கருவி இன்றோ நாளையோ கெட்டுவிடாது. அதைப் பிடுங்கும் அந்த ஒரு நொடியில்தான் கெடுகிறது. என்ன பசை, எப்போது ஒட்டியது, அதன் மேல் வேறு எதையாவது தடவினீர்களா என்ற மூன்றையும் மறைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து பசையின் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். தவறான பெயரை நம்பித் தவறான கரைப்பானை எடுத்தால் மிஞ்சியிருக்கும் பூச்சும் போய்விடும். உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் பலகையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட முடியும்.